மழை என்று கேட்டவர்

அந்தக் கச்சேரிக்கு நான் போவதாகவே இல்லை. சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்யும் எங்கள் மகள் தனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மருத்துவமனையில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை போட்டுவிட்டார்கள்.

"நீங்க போங்கம்மா. அப்பாவ தனியா விட்டா வாசல்லயே நின்னு பார்த்துட்டுத் திரும்பி வந்துருவாரு" என்று போனில் சொன்னாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. என் கணவர் ஜொகூர் மாநிலத்தில், பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நானும் அதே தொழிற்சாலையில்தான், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறேன். இயந்திரத்தோடு பேசும் அளவுக்குக்கூட அவர் மனிதர்களோடு பேசமாட்டார். கோயில் பாடற்குழுவில் இருபது வருடமாகக் கடைசி வரிசை. திருப்பலி முடிந்ததும் சாமியார் கை கொடுக்க வருவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்திருப்பார்.

பாடுகிறவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. எழுபதை நெருங்குகிறார். தானே எழுதி, தானே கிதார் வாசித்துப் பாடுவார். கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுதான், ஆனால் வானொலியில் வரும் பளபளப்பான வகை இல்லை, கொஞ்சம் கரடுமுரடானது. அந்தப் பாட்டுகள் என் கணவரிடம் வந்து சேர்ந்ததே ஒரு தவறால்தான். காஹாங்கில் எஸ்டேட்டில் இருந்த இளவயதில், குளுவாங் இரவுச் சந்தையில் ஒரு கேசட் வாங்கியிருக்கிறார். அட்டையில் மரத்தால் கட்டிய ஒரு சின்ன தேவாலயத்தின் படம். ஞானப்பாடல் என்று நினைத்து வாங்கி வந்து போட்டால், முதல் பாட்டே ஒரு குடிகாரனைப் பற்றியது. திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கேசட் தேய்ந்து போனது, பிறகு சிடி, பிறகு கைப்பேசி. பாட்டு மட்டும் மாறவே இல்லை. எனக்கு அதெல்லாம் அழுமூஞ்சிப் பாட்டு. சமைக்கும்போது அவர் அதைப் போட்டால் நான் மிக்சியைப் போடுவேன்.

கச்சேரி பிற்பகல் மூன்று மணிக்கு. சனிக்கிழமை மாலையே திருப்பலிக்குப் போய்விட்டதால் ஞாயிறு விடிந்ததும் பஸ் ஏறினோம். சிங்கப்பூருக்குள் போகும் பாலத்தில் எப்போதும் போல் நெரிசல். பஸ் நகராததால் இறங்கி நடந்துபோய்ப் பாஸ்போர்ட் வரிசையில் நின்றோம். அவர் கறுப்புக் காற்சட்டையும், எங்கள் தொழிற்சாலையில் ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுபோன நீலச் சட்டையும் போட்டிருந்தார். வழி நெடுக வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடியே வந்தார்.

"என்னாங்க, செபமா?"

"இல்ல. கடைசியில அவங்க வெளிய வந்து கையெழுத்துப் போடுவாங்களாம், பாப்பா சொல்லுச்சு. ஒரு வார்த்தை சொல்லணும்ல. அதான் இங்கிலீஷ்ல சொல்லிப் பார்த்துக்கிட்டேன்."

"என்னா சொல்லப் போறீங்க?"

"இன்னும் முடியல" என்றார்.

அந்த அரங்கத்தை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. நான்கு அடுக்கு இருக்கைகள், எல்லாம் சிவப்பு. உட்கார்ந்ததும் என் கை தானாகவே இருக்கையின் தையலைத் தடவிப் பார்த்தது. நல்ல வேலைப்பாடு. எங்கள் இடம் கீழே, ஆறாவது வரிசையில். மகள் எப்படித்தான் பிடித்தாளோ. மேடையில் ஒரு முக்காலியும் ஒரு மைக்கும் ஒரு கிதாரும் மட்டும் இருந்தன. நான் பார்த்த கச்சேரிகளில் முப்பது பேர் வாத்தியம் வாசிப்பார்கள், இருபது பேர் ஆடுவார்கள்.

"மத்தவங்க எல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. இவங்க மட்டும்தான்."

"இவ்ளோ பெரிய மேடையிலயா?"

அவர் பதில் சொல்வதற்குள் விளக்குகள் மங்கின. அந்த அம்மா நடந்து வந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தார். பழைய டெனிம் சட்டையின் முழங்கையில் ஒட்டுத்துணி. வந்ததும் பேசாமல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்.

குரல் அழகு என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் உடைந்த குரல். ஆனால் வீட்டில் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டபோது எனக்குப் பிடிபடாத ஒன்று அங்கே பிடிபட்டது. அவர் அழவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் என் கணவர் என் காதருகே குனிந்து, "புருஷன் வேலை தேடிப் போயிட்டான், இவ கடிதாசி எழுதறா, அனுப்ப மாட்டேங்கறா" என்று விளக்கினார். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆறாவது பாட்டா ஏழாவதா, நினைவில்லை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பத்தி பாடி முடித்து, மூன்றாவதற்காக வாய் திறந்தவர் அப்படியே நின்றார். கை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது. ஒரு சுற்று வாசித்தார், இன்னொரு சுற்றும் வாசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, இதை எழுதியபோது எனக்கு இருபத்தேழு வயது, அந்தப் பெண் அடுத்த வரியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு விளங்கியது இவ்வளவு.

கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் என் கணவர் அந்த வரியைத் தனக்குள் சொல்வது எனக்குக் கேட்டது.

"சத்தமா சொல்லுங்க" என்றேன்.

"வேணாம்லா. வேற யாராவது சொல்லுவாங்க."

யாரும் சொல்லவில்லை. மேடையில் அவர் அதே இரண்டு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் அத்தனை பேர் முன்னால் மறந்து போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. முழங்கையால் என் கணவரை நன்றாகவே இடித்தேன்.

அவர் சொன்னார். கத்தவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை. சாதாரணக் குரலில்தான். ஆனால் மேடையில் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கட்டிய இடம் அது. ஆறாவது வரிசைக் குரலும் எல்லோருக்கும் கேட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: எங்கள் ஊரில் மழை நிற்பதே இல்லை.

அந்த அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கையை நெற்றியில் வைத்து வெளிச்சத்தைத் தாண்டிப் பார்த்தார். "மழையா?" என்று கேட்டார். பிறகு சொன்னார், நான் எழுதியது ரயில். எங்கள் ஊரில் ரயில் நிற்பதே இல்லை. ட்ரெய்ன். ரெய்ன் இல்லை.

அரங்கம் முழுவதும் சிரித்தது. என் கணவரின் காது சிவந்ததை அந்த இருட்டிலும் நான் பார்த்தேன். இடித்த என் முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "முப்பது வருஷமா தப்பா பாடியிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். ஜொகூர் என்றார் இவர். உங்கள் ஊரில் மழை நிற்காதா என்று கேட்டார் அந்த அம்மா.

"வருடக் கடைசியில் நிற்காது மேடம்" என்றார் இவர், ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதில் சொல்வது போல.

எங்கள் ஊரில் இப்போது ரயிலே இல்லை, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், மழையாவது இருக்கிறது என்றார் அந்த அம்மா. மூன்றாவது பத்தியை மழை என்றே பாடினார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பழையது ஒன்று விளங்கியது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் காஹாங்கில் வெள்ளம் வந்தது. நான்கு மாதப் பிள்ளையோடு பள்ளி மண்டபத்தில் ஒன்பது நாள் இருந்தோம். பாய், கொசு, ஈரத்துணி வாடை, ஒரே அழுகை. எந்தக் கை பட்டாலும் மகள் தூங்கமாட்டாள். இவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி எதையோ பாடுவார். ஏதோ கோயில் பாட்டு என்று நினைத்திருந்தேன். இந்தப் பாட்டைத்தான் பாடியிருக்கிறார். கடல் தாண்டி யாரோ ஓர் அம்மா எங்கள் வெள்ளத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றே இவர் நம்பியிருக்கிறார். ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே நாங்கள் கை பிடித்துக்கொள்கிற ஆட்கள் இல்லை. அவரும் விலக்கவில்லை. அடுத்த நான்கு பாட்டு அப்படியே போயிற்று. கடைசிப் பாட்டை அந்த அம்மா மைக் இல்லாமல் மேடை ஓரத்துக்கு வந்து பாடினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

வெளிக்கூடத்தில் கையெழுத்துக்கு வரிசை நீண்டிருந்தது. இவர் நழுவப் பார்த்தார்.

"அசிங்கமா இருக்கு. வா, போலாம்."

"அவங்களே சிரிக்கல. உங்களுக்கு என்னா?" என்று கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினேன்.

முக்கால் மணி நேரம் நின்றோம். அவர் உதடு மறுபடியும் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் முறை வந்தபோது அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கிட்டத்தில் இன்னும் வயதானவராகத் தெரிந்தார், கண்ணுக்குக் கீழே களைப்பு. இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "ஆ, மழைக்காரர்" என்றார்.

என் கணவர் மகளுக்காக வாங்கிய இசைத்தட்டை நீட்டினார். வாயைத் திறந்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்த எதுவும் வரவில்லை. கடைசியில், "சாப்பிட்டீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, இல்லை, காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்தான் என்றார்.

"அது போதாது. முதல்ல சாப்பிடுங்க, கையெழுத்து அப்புறம் போடலாம்" என்று தன் ஆங்கிலத்தில் மிகவும் கண்டிப்பாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற உதவியாளரைப் பார்த்து, "இவங்களுக்குச் சோறு எதாவது வாங்கிட்டு வாங்க" என்றும் சொன்னார். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

பாலத்தைத் தாண்டி லார்க்கின் பஸ் நிலையத்துக்கு வந்தபோது ஏழு மணி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் நிலையத்தின் கீழே இருந்த கடையில் உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸ் சொன்னோம். மகள் அழைத்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு? அப்பா பேசினாரா?"

"பேசினாரு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசினாரு" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்கம்மா."

"நீயே கேட்டுக்க" என்று போனை அவரிடம் கொடுத்தேன். அவர் வாயில் மீயோடு நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், கை ஆட்டி ஆட்டி, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நான் அவர் தட்டிலிருந்த இறாலை ஒன்றொன்றாக எடுத்துச் சாப்பிட்டேன். அவர் கவனிக்கவில்லை.