சூசை மேரி கடைக்கு ரெண்டு சீல்

இது நடந்த கதை. மாதா சத்தியமாக நடந்தது. என்ன, உண்மை கொஞ்சம் ஒல்லியாக இருந்ததால் நான் சோறு போட்டு உடம்பேற்றியிருக்கிறேன். எலும்பு மட்டும் அசல்.

மயிலம் போகிற டவுன் பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டி மூச்சை விட்டுவிட்டது. வேறு பஸ் வரும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இதை ஆரம்பித்தேன். டிரைவர் அப்பாதுரை, காலேஜ் கேன்டீனில் சமைக்கிற ரோஸ்லின், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையோடு பூவரசன் எல்லாரும் இருந்தார்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வாசலில் சூசை மேரிக்கு ஒரு பெட்டிக்கடை. புருஷன் இருதயநாதன் செத்த பிறகு அவளுக்கும் மகள் ஜோஸ்வினுக்கும் சோறு, துணி, படிப்பு எல்லாம் அந்தக் கடைதான். வாசல் வேகத்தடையில் பஸ் குனிந்து எழும்போது டிரைவர் கையை வெளியே நீட்டுவார். மேரி ஆணியில் தொங்கும் சரத்திலிருந்து குட்கா பொட்டலத்தைக் கிழித்து அந்தக் கையில் அறைவாள். பேச்சே கிடையாது. அவள் வீசினால் செஞ்சிக்கோட்டை மேல் நிற்கிறவன் கையிலும் சரியாக விழும்.

2013-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையர் உத்தரவு வந்தது: எந்தக் கடையிலும் குட்கா, பான் மசாலா விற்கக்கூடாது. மேரி அன்றைக்கே சரங்களை அறுத்து, சரக்கு போடும் மொத்த வியாபாரி வெங்கடாசலத்தின் வேனிலேயே திருப்பிப் போட்டாள்.

ஆனால் டிரைவர்கள் கை நிற்கவில்லை. பழகின கை, வேகத்தடை வந்ததும் தானாக வெளியே வந்தது. வெறுங்கையாக அனுப்ப மேரிக்கு மனசு வரவில்லை. சோம்பு, கிராம்பு, கல்கண்டு கலந்து சின்னச் சின்னக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்து, சரமாகக் கோத்து அதே ஆணியில் தொங்கவிட்டாள். அதே மாதிரி கையில் அறைந்தாள். அங்கேதான் தப்பு பண்ணினாள்.

தூரத்திலிருந்து பார்த்த உணவுப் பாதுகாப்பு ஆபீசர் ஜீப்பை விட்டுக் குதித்தார்.

"இன்னாம்மா இது? உத்தரவு தெரியாதா?"

"சோம்பு சார். மோந்து பாருங்க."

"அதெல்லாம் லேப்ல மோந்து பார்ப்பாங்க."

"சோம்பை மோந்து பார்க்க லேபா? உங்க வூட்டுல ரசம் வெச்சா யாருக்கு அனுப்புவீங்க?"

சரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு சீல் வைத்துவிட்டார். மேரி கத்திய கத்தலில் மயிலம் மலைமேல் மயிலெல்லாம் மழை வருகிறதென்று தோகை விரித்தது. சீல் வைத்த கதவுக்கு முன்னால் வெயிலில் கூடை வைத்து வாழைப்பழம் விற்றாள். லேபிலிருந்து சோம்பு சோம்புதான் என்று எழுதி வருவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. சீலை எடுத்தார்கள். மன்னிப்பு மட்டும் எந்த லேபிலிருந்தும் வரவில்லை.

மறுநாளே வெங்கடாசலம் பையோடு வந்து நின்றார்.

"மேரிம்மா, கவர்மெண்டே உன் கடை சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டான். இனிமே எவனும் இங்க எட்டிப் பார்க்க மாட்டான். இதை உள்ள வெச்சுக்க. கேக்கறவனுக்கு மட்டும் குடு."

பையைப் பலகைமேல் வைத்தார். உள்ளே குட்கா சரம்.

மேரி கண்ணில் அடுப்பெரிந்தது. "அட நாசமாப் போறவனே! நான் வெயில்ல காஞ்சு கருவாடானப்ப நீ எங்கய்யா இருந்த? உன் குடோனுக்கு சீல் வெக்க மெழுகு கிடைக்கலையாமா?" சரத்தை உருவி அவர் கழுத்தில் மாலையாகப் போட்டாள். கையைப் பிடித்துக்கொண்டே ஆபீசருக்குப் போன் போட்டாள். கோட்டக்குப்பம் பஸ்ஸிலிருந்து அனந்தபுரம் பஸ் வரை எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன.

ஜீப் வருவதற்குள் வெங்கடாசலம் கையை உதறி, மாலையைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டு, கடையிலிருந்த ஒரு சோடாவை எடுத்துத் திறந்துகொண்டார்.

"சோடா குடிக்க வந்தேன் சார். சரக்கு யாருதுன்னு எனக்குத் தெரியாது."

ஆபீசர் ரோட்டைப் பார்த்துக் கேட்டார்: "யாராவது பார்த்தீங்களா?"

அத்தனை பஸ்ஸும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டன. சரக்கு இருந்தது மேரி கடைப் பலகைமேல். கடைக்கு மறுபடி சீல். வெங்கடாசலம் சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

இந்த இடத்தில் ரோஸ்லின் எழுந்துவிட்டாள்.

"யோவ் டிரைவரே, அன்னிக்கு நின்னுக்கினு இருந்த பஸ்ஸுல உன்னுதும் ஒண்ணுதானே?"

அப்பாதுரை தலையைத் திருப்பினார். "டைமுக்கு எடுக்கலைன்னா மெமோ குடுப்பான். பேஜாரு பண்ணாத."

"அவ கையால வாங்கித் தின்னியே, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? வாய் நெறைய இன்னா வெச்சிருந்த?"

பூவரசன் மூட்டையை உதைத்துவிட்டு வந்தான். "அவளுக்கு இன்னாத்துக்கு பரிஞ்சுக்கினு வர்ற? எங்கண்ணனுக்குத் தாடையை அறுத்து எடுத்தாங்க. அத்தினி வருசம் பொட்டலம் கிழிச்சுக் குடுத்தது யாரு கை?"

"கிழிச்ச கை தெரியுது, வேன்ல கொண்டாந்த கை தெரியலையா உனக்கு?"

"ரெண்டு கையும் ஒண்ணுதாண்டி!"

"யாரைடா டீ போடுற?"

அப்பாதுரை விலக்கப் போனார். பூவரசன் அவர் காக்கிச் சட்டையைப் பிடித்தான். ரோஸ்லின் டிபன் கேரியரைத் தூக்கினாள். மாற்று பஸ் வந்து நின்று ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. ஒருத்தரும் ஏறவில்லை.