வேப்பங்குழை காத்த வாசல்

என் வீட்டுக்காரரின் வலது கால் பெருவிரலில் ஒரு புண். எழுபத்தெட்டாம் வருஷம் கிறிஸ்மஸ் கேரல் பாடப் போன இடத்தில் புதுச் செருப்பு கடித்தது. ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய புண், பிப்ரவரி வந்தும் ஆறவில்லை. ஓரம் கறுத்தது. நாற்றமும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மலையாளி, மதராசில் படித்தவர். தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார்.

"செல்லையா சாரே, ஷுகர் இத்தனை இருக்கும்போ புண்ணு எங்ஙனே ஆறும்? ஈஸ்டர் வரை நோக்காம். ஆறல்லேன்னா விரலை எடுக்கணும். விரலோட நிற்குமான்னு என்கிட்ட கேட்காதீங்க."

வெளியே வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றோம். கட்டை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் ஒருவர் எங்களைக் கடந்து போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் திருப்பவில்லை, அந்த ஆள் கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ரோஸ்லினுக்குப் பன்னிரண்டு, சின்னவள் பியூலாவுக்கு ஏழு. எனக்கு அழுகைகூட வரவில்லை. பயம் அவ்வளவு இருந்தது.

சகோதரிகளே, இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று நான் மூடி மறைத்துச் சொல்லப் போவதில்லை. தின்று வந்தது. அதுவும் ஜெபக்கூட்டத்தில் தின்று வந்தது.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். இவருக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை, குடியிருப்பு மணக்காட்டில். இங்கே தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு ஜெபக்குழு வைத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஒரு வீடு. பாட்டு ஒன்று, வசனம் ஒன்று, ஜெபம் ஒன்று. அதெல்லாம் சீக்கிரம் முடியும். அதற்குப் பிறகு நடப்பதற்குத்தான் 'ஐக்கியம்' என்று பெயர். ஒரு வீட்டில் பழம்பொரியும் பாயாசமும் கொடுத்தால் மறுநாள் வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ரவா கேசரியும். பாயாசம் வைத்த சகோதரி கேசரி வைத்த சகோதரியை ஒரு பார்வை பார்ப்பாள். ஆவிக்குரிய விஷயத்தில் இவர்களிடம் இத்தனை போட்டியை நான் ஒருநாளும் கண்டதில்லை.

குழுவுக்குத் தலைவர் ஞானாபரணம் அண்ணாச்சி. சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம். குரல் கிழக்கேகோட்டை வரை கேட்கும். கர்த்தருக்குக் காது மந்தம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பலகாரத் தட்டின்மேல் கையை வைத்து அவர் ஜெபித்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆசீர்வாதத்தைத் தள்ளினதாகக் கணக்கு. இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சாயங்காலமே, நொண்டிக்கொண்டு இவர் கூட்டத்துக்குக் கிளம்பினார். நானும் பிள்ளைகளோடு போனேன். தட்டு வந்தது.

"அவருக்கு வேண்டாம் அண்ணாச்சி. டாக்டர் இனிப்பை விலக்கியிருக்கார்" என்றேன்.

"தங்கச்சி, டாக்டர் விலக்கினது சும்மா பலகாரத்தை. இது ஜெபிச்ச பலகாரம்லா! இது ஒண்ணும் செய்யாது. விசுவாசம் இல்லாமப் பேசப்பிடாது, கேட்டியளா?" என்றார். பிறகு இவரிடம் திரும்பி, "எடும் தம்பி, எடும்" என்றார்.

அறையில் எல்லோரும் என்னை ஏதோ புறஜாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். இவர் எடுத்தார். என் அவிசுவாசத்துக்கும் சேர்த்து இரண்டு கூடுதலாகவே எடுத்தார். படித்த மனுஷன், பி.ஏ. ஃபைலில் ஒரு புள்ளி தவறினால் கண்டுபிடிக்கிற மனுஷன். சீனி ஜெபத்தில் கரைந்து போகும் என்று நம்பினார். காலையில் மாத்திரை விழுங்கினார், சாயங்காலம் அதன் மேல் முந்திரிக்கொத்தை விழுங்கினார்.

வீடு என்று ஒன்று இருந்ததே தவிர, அதில் யாரும் இருந்ததில்லை. பியூலா வாரத்தில் பாதி நாள் யாரோ வீட்டுப் பாயில் தூங்குவாள், தோளில் போட்டுத் தூக்கி வருவோம். ரோஸ்லின் எந்த வகுப்பு என்று அவள் அப்பாவிடம் கேட்டால் சற்று யோசித்துத்தான் சொல்வார்.

மறுநாள் மத்தியானம் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை ஈரத்தோடு அப்படியே வைத்துக்கொண்டு ஜெபித்தேன். சுகம் தாரும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க வாய் நிறையப் பலகாரத்தோடு ஒரு கூட்டமே இருந்தது. நான் கேட்டது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இவர் வாயை என்னால் அடைக்க முடியாது. அவர்கள் வாயை யாராலும் அடைக்க முடியாது. இந்த வாசலையாவது நீர் அடையும்."

அந்த வாரமே பியூலாவுக்குக் காய்ச்சல். முதுகில் நீர் கோத்த கொப்புளங்கள். சிக்கன்பாக்ஸ்.

கர்த்தரிடம் நான் சண்டைக்கே போனேன். கால் போதாதென்று பிள்ளையையுமா என்று கேட்டேன். மற்ற எங்கள் மூன்று பேருக்கும் அது ஏற்கெனவே வந்து போனதால் எங்களைப் பற்றிப் பயமில்லை. ஆனால் பிள்ளை சொறிந்துகொண்டு அழும்போது எந்தத் தாய்க்கு மனம் நிற்கும்?

அடுத்த வீட்டில் பகவதியம்மாள் என்று திருநெல்வேலிக்கார அம்மா ஒருத்தி. கேள்விப்பட்டதும் கை நிறைய வேப்பங்குழையோடு வந்தாள். ஒரு கொத்தைப் பிள்ளையின் படுக்கையில் பரப்பினாள். இன்னொரு கொத்தை எங்கள் கேட்டில் கட்டினாள்.

"எம்மா, நீங்க வேதக்காரங்க. உங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம். ஆனா வாறவங்களுக்குத் தெரியணும்லா, இந்த வீட்ல அம்மை போட்டிருக்குன்னு? அதுக்குத்தான் கட்டுதேன்."

கட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய முறை.

ஞானாபரணம் அண்ணாச்சி முன்னால் வர, குழு பின்னால் வந்தது. பாட்டுப் புஸ்தகமும் கையுமாகக் கேட் வரை வந்தார்கள். குழையைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"தம்பி! நாங்க இங்ஙனெயே நின்னு ஜெபிச்சிட்டுப் போறோம், என்ன?"

ஜெபித்தார். கிழக்கேகோட்டை வரை கேட்கும் குரல் அன்று எங்கள் ஜன்னலுக்கே எட்டவில்லை. அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறிய ஜெபம் அதுதான். பாதாளத்தின் வாசல்களை உடைத்து நொறுக்குவோம் என்று தினம் தினம் முழங்கியவர்கள், ஒரு வேப்பங்குழைக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. வியாதியஸ்தர்மேல் கை வைப்போம் என்றவர்கள் கேட்டின் மேல்கூடக் கை வைக்கவில்லை.

இவர் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். "போயிட்டாங்களா?" என்றார்.

"போயிட்டாங்க."

இவர் கை நீட்டி ஜன்னலைச் சாத்தினார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அவர்கள்மேல் என்ன வந்தது என்பதைச் சாட்சியில் சொல்ல முடியாது. நான் கேட்ட ஜெபம் எனக்கு ஞாபகம் வந்ததும் அப்போதுதான். வாசல் அடைபட்டிருந்தது. அடுக்களையில் போய் முழங்கால் போட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இவரும் ஆபீஸுக்கு லீவு போட்டார். அம்மை வீட்டுக்காரன் வர வேண்டாம் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். கலியாணமான பிறகு முதல் தடவையாக நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தோம். டாக்டர் சொன்னபடி நான் சமைத்தேன். தடுக்க யாரும் இல்லை. கோதுமைக் கஞ்சி, சிறுபயறுத் துவையல், முருங்கைக்கீரை, சாளை மீன் குழம்பு. சீனியும் பாலும் இல்லாத கட்டன் சாயா. முதல் சில நாள் இவர் கஞ்சியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யாரோ செத்துப்போனது போல. பிறகு, பசித்தால் மனுஷன் தின்னத்தானே வேண்டும்?

சாயங்காலம் ஆனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தென்னை ஓலையின் ஈர்க்கில் குச்சிகளை ஒடித்துத் தரையில் போட்டு, ஒன்று அசையாமல் ஒன்றை எடுக்க வேண்டும். இவருடைய தடித்த விரல்கள் எல்லாவற்றையும் அசைக்கும். தோற்றுக்கொண்டே இருந்தார். பியூலா கொப்புளத்தை மறந்து சிரிப்பாள். ரோஸ்லின் பள்ளிக்கூடத்து மலையாளப் பாடத்தை வாசிப்பாள், இவர் அதைத் தமிழ் உச்சரிப்பில் எழுத்துக் கூட்டுவார். "அப்பாவுக்கு ஒண்ணும் அறியாது" என்று அவள் மலையாளம் கலந்து கேலி செய்வாள். சிறிய ஜெபம் செய்து, சீக்கிரம் படுத்துவிடுவோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூத்திரத்தில் சீனி பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொடுத்திருந்தார்கள். மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் சுட வைத்தால் நிறம் மாறும். செங்கல் நிறம் என்றால் சீனி அதிகம், அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை. நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. அதுவரை அந்தக் குழாய் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. விசுவாசிக்கு எதற்குக் குழாய்? இப்போது பிள்ளைகள் அதை எடுத்தார்கள். தினமும் காலையில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். முதல் நாள் செங்கல். பியூலா அழுதாள். நாள் போகப்போக மஞ்சளாயிற்று. ஒரு நாள் பச்சை வந்தது. இரண்டு பேரும் முற்றத்தில் குதித்தார்கள்.

புண்ணின் கறுப்பு உரிந்து, கீழே சிவப்பாகச் சதை வந்தது.

பியூலாவுக்குக் கொப்புளம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. தழும்புகூட மங்கிவிட்டது. கேட்டில் குழை காய்ந்ததும் பகவதியம்மாள் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். பிள்ளைக்குச் சுகமானது அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். யாராவது வந்து கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். ஒருவரும் வந்து கேட்கவில்லை. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் குழாயில் நீலம் நின்றது. இவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நீலம்தானே? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார். கண் நிறையத் தண்ணீர் இருந்தால் எப்படித் தெரியும்?

டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். "கொள்ளாமே! நல்லா ஆறியிருக்கே! ஏது மருந்து கொடுத்தீங்க?" என்றார். "சிக்கன்பாக்ஸ் டாக்டர்" என்றேன். சிரித்தார். கத்தி தேவைப்படவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஈஸ்டர் முடிந்து நானே குழையை அவிழ்த்தேன். மறுநாளே ஞானாபரணம் அண்ணாச்சி, மனைவி தங்கபாய் அக்காவோடு வந்து நின்றார். கையில் முந்திரிக்கொத்துத் தட்டு.

"பாத்தியளா தம்பி? தூரத்துல இருந்தாலும் ஜெபம் வேலை செய்யும்! அடுத்த கூட்டத்துல நீரு இதைச் சாட்சியாச் சொல்லணும்." தட்டின்மேல் கை வைத்து ஜெபித்தார். "ஆச்சு. எடும்."

இவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் அண்ணாச்சி."

"ஜெபிச்சது தம்பி!"

"ஜெபிச்சதுக்கு நன்றி. பலகாரம் வேண்டாம்."

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிற்று. அப்போது பியூலா குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, நீங்களும் நோக்குங்களேன். எங்க அப்பாவுக்கு நீலம்!" நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

"எனக்கா? நல்லாப் பாரு மக்கா. ஜெபிக்கிறவனுக்கு ஒரு கேடும் வராது" என்று சொல்லி, மூத்திரம் பிடிக்கும் சீசாவை வாங்கிக்கொண்டு மிடுக்காகப் பின்கட்டுக்குப் போனார்.

விளக்கில் குழாயைச் சுட வைத்தோம். பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளிலும் நிற்கவில்லை. சுட்ட செங்கலாக வந்து நின்றது.

தங்கபாய் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாள் நான் காத்திருந்த நேரம் அது! எனக்கு நன்றாகச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். தம்பானூரில் நின்ற எனக்கு அந்தப் பார்வை தெரியும். சிரிக்காமல் விளக்கை அணைத்தேன்.

"தங்கச்சி" என்றார். குரல் மெல்ல வந்தது. "நீங்க இவருக்கு என்னதான் குடுத்தீய?"

என் வீட்டில் அவர் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அடுக்களைக்குப் போய் இரண்டு கிண்ணத்தில் கோதுமைக் கஞ்சி ஊற்றி வந்தேன். ஜெபிக்காமலே குடிக்க ஆரம்பித்துவிட்டார். பியூலாதான் "மாமா, ஸ்தோத்திரம் சொல்லல்லே" என்று ஞாபகப்படுத்தினாள்.

இப்போது ஜெபக்குழு வாரத்தில் ஒரே ஒரு நாள். கட்டன் சாயா மட்டும். கேசரிக்காக வந்த விசுவாசிகள் வேறு குழுவைத் தேடிப் போய்விட்டார்கள், போகட்டும். என் வீட்டுக்காரர் இரண்டு காலோடும் பத்து விரலோடும் தினமும் ஆபீஸுக்கு நடக்கிறார். ஈர்க்கில் விளையாட்டில் இன்னும் தோற்கிறார்.

இதை வாசிக்கிற சகோதரியே, உன் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்க, நீ எந்தக் கூட்டத்தில் தட்டு ஏந்திக்கொண்டிருக்கிறாய்? என் வாசலை அடைத்தவர் உன் வாசலையும் அடைப்பார். தைரியமாகக் கேள். எதைக் கொண்டு அடைப்பார் என்று மட்டும் கேட்காதே.