குடைக்குக் கீழே நெருப்பு

எங்கள் மாமா வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் ஒரே ஒரு முறைதான் கண்டிருக்கிறேன். அது பிராங்பேர்ட்டில், ஒரு வாடகை மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில், கொட்டுகிற மழைக்குள்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பார்சிப் பிள்ளை. தாய் தகப்பன் பம்பாய்க்காரர். நெருப்பின் முன்னால் நின்று கடவுளைக் கும்பிடுகிறவர்கள். அவளுக்கு நவ்ஜோத் வைத்தார்கள். பிள்ளையைத் தங்கள் சமயத்துக்குள் சேர்க்கிற சடங்கு அது. மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் கம்பளிநூற் கயிறு கட்டிவிடுவார்கள். சமையல் மாமாவின் பொறுப்பு. வாழையிலைக்குள் பச்சைச் சட்னி பூசி அவித்த மீனை விடிய வெள்ளன ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா அவருக்கு உதவி. நான் மட்டும் அழைப்பு வந்த விருந்தாளி.

சின்ன மேசையில், வெள்ளிப் பாத்திரத்தில் சந்தனக்கட்டை எரிந்துகொண்டிருந்தது. லண்டனிலிருந்து வந்த குரு தலை முதல் கால் வரை வெள்ளை; வாயையும் வெள்ளைத் துணியால் மூடிக் கட்டியிருந்தார். அவருக்கு ஏதும் தொற்று வருத்தமோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நான் எதற்கும் பயப்படுகிற பிள்ளை. இப்போதும் அப்படித்தான். நெருப்பில் மூச்சுப் படக்கூடாது என்றுதான் அந்தத் துணி என்று அம்மா காதுக்குள் சொன்னா. அதற்குப் பிறகு நானும் மூச்சை அடக்கி அடக்கி விட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. குரு கயிற்றைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கூரையில் புகைமணி அலறத் தொடங்கியது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு நேரே மேசைக்கு ஓடி வந்தார். குரு ஓதுவதை நிறுத்தவேயில்லை. இடையில் வேறு பேச்சுப் பேசக் கூடாதாம். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "அணைத்துவிடுவாரா?" என்று ஜெர்மனில் கேட்டாள். நுரையை அடித்தால் நெருப்பும் போய்விடும், அவளும் கயிறு கட்டாமல் பாதியிலேயே நிற்பாள். எனக்கே அது விளங்கியது.

மாமா குறுக்கே பாய்ந்தார். "நூக்காதேங்கோ! நூக்கக்கூடாது!" என்று தமிழில் கத்தி, பிறகு நினைவு வந்து, அணைக்க வேண்டாமென்று ஜெர்மனிலும் கத்தினார்.

"அப்படியென்றால் வெளியே! இந்த நிமிசமே!" என்றார் ஹவுஸ்மைஸ்டர்.

மேசையைத் தூக்க மாமாவும் கை நீட்டினார். தோழியின் அப்பா மெல்லத் தலையாட்டி மறுத்தார்; அந்த நெருப்பை அவர்களின் ஆட்கள்தான் தொடலாமாம். எங்கள் கோயிலில் மூலஸ்தானத்துக்குள் நாங்கள் போகாத மாதிரித்தான் என்று மாமா உடனே பிடித்துக்கொண்டார். ஒரு சொல் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. வேனுக்கு ஓடினார். அவர்களின் ஆட்கள் மேசையை அப்படியே ஏந்திக்கொண்டு வெளியே வரும்போது, மாமா பெரிய குடையை விரித்தபடி நின்றார். சமையல் துவாயால் வாயை இறுக்கிக் கட்டியிருந்தார்.

மழையென்றால் அப்படி ஒரு மழை. மாமா கையை நீட்டிக் குடையை நெருப்புக்கு உயரப் பிடித்தார்; தான் முழுக்க நனைந்தார். மற்றவர்கள் குருவுக்கும் பிள்ளைக்கும் குடை பிடித்தார்கள். சுற்றிவரத் தண்ணீர், நடுவில் அந்தச் சுவாலை மட்டும் ஆடாமல். குரு அவளுடைய இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி முடித்து, தலையில் அரிசி தூவினார். தீயணைப்பானோடு காவல் நின்ற ஹவுஸ்மைஸ்டர் எப்போது தொப்பியைக் கழற்றினாரோ தெரியாது. நான் பயப்படக்கூட மறந்துபோனேன்.

திரும்பி வரும்போது வேனில் மாமா அம்மாவிடம் சொன்னார்: "முந்தி ஈரானிலயிருந்து கப்பலேறித் தப்பின சனமாம். தகப்பன்தான் சொன்னவர். வந்து இறங்கி மூட்டின நெருப்பு இண்டைக்கும் எரியுதாம், பிள்ளை. நாங்கள் சண்டைக்குள்ள ஊரைவிட்டு வெளிக்கிடேக்க, குண்டு போடுற பிளேன் கண்டிடும் எண்டு சாமி விளக்கையும் நூத்துப்போட்டெல்லோ வந்தனாங்கள்."

அம்மா யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டா.

ஆளில்லாத வீட்டில் விளக்கை எரியவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று பின்னால் இருந்து நான் யோசித்துப் பார்த்தேன். திரைச்சீலை பற்றும், வீடே போய்விடும்.

"நல்ல காலம், மறக்காமல் நூத்துப்போட்டு வந்தனீங்கள் மாமா," என்றேன்.

இரண்டு பேரும் பேசவில்லை. நான் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டார்கள் என நினைத்து, நிம்மதியாகச் சாய்ந்து படுத்தேன்.