பேர் மாறினால் வரி மாறும்

சென்னையில் சுங்க அலுவலகத்தில் நான் வெறும் குமாஸ்தா. வரி போடுகிறவள் இல்லை; வரி போடுகிறவர்களின் கோப்பைத் தட்டச்சு செய்கிறவள். இதை எங்கள் ஊர் கோத்தகிரியில் யார் நம்பினார்கள்? தேயிலை விலை சரிந்து கிடந்த அந்த வருஷங்களில் லீவுக்குப் போனால், பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

“ஏனுங்க அம்மிணி, வெளிநாட்டுத் தேயிலைக்கு நல்லா வரியைப் போட்டு உடுங்க. உங்க கையிலதான இருக்குது?”

என் கையில் மசி மட்டும்தான் இருந்தது.

அப்போது என் மேஜையில் இருந்தது ஒரு செயற்கைக்கோள் கோப்பு. தகவல் தொடர்புச் செயற்கைக்கோளில் பொருத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்திறங்கியிருந்தது. அதை விண்கலத்தின் பாகம் என்றால் வரி கிடையாது. ஒலிபரப்புக் கருவி என்றால் உண்டு. அந்த ஒரு பேருக்காக வக்கீல் வந்தார், நிபுணர் வந்தார், ஏ.சி. அறைக்குள் முந்திரிப்பருப்பு போய்க்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் விண்கலத்தின் பாகமே என்று முடிவு செய்தார்கள். நாட்டுக்கு நல்லதுதான், எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் வரியைக் குறைத்துவிட்டு மலிவுத் தேயிலையை உள்ளே விட்டபோது, இது யார் குடியைக் கெடுக்கும் என்று ஒரு ஆள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவுக்கு இருந்தது ஒரு துண்டுத் தேயிலைத் தோட்டம். இலை விற்ற காசு, பறிக்கிற கூலிக்கே பற்றவில்லை. தோட்டத்தை விற்றுவிடச் சொல்லி ஒரு புரோக்கர் நடையாய் நடந்துகொண்டிருந்தார். அப்பாவைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்று பெட்டிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பொட்டிக்கு நல்ல பேரா கெடச்சுது, தப்பிச்சிருச்சு. நம்ம எலைக்கு என்ன பேரு வெச்சா இந்தத் தோட்டம் தப்பிக்கும் அம்மிணி?”



அடுத்த லீவில் பத்திரப் பதிவுக்குத்தான் போனேன். வாங்குகிறவர் காட்டேஜ் கட்டப் போகிறாராம். புரோக்கர் பத்திரத்தை வாசித்தார். ‘காலி மனை’ என்ற இடத்தில் அப்பா நிறுத்தினார்.

“காலியாங்க? செடி நிக்குதுங்களே?”

“எழுத்துக்குத்தானுங்க. தேயிலைன்னு போட்டா அவருக்குக் கட்டடம் கட்டறதுக்குத் தொந்தரவுங்க.”

“காலி மனையின்னா, இத்தன வருசமா நான் அங்க என்னத்தைங்க பண்ணீட்டிருந்தேன்?”

புரோக்கர் என்னைப் பார்த்தார். படித்தவள், ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

“இங்க ஒரு கையெழுத்துங்க” என்று அவர் தாளைத் திருப்பினார். அப்பா போட்டார்.