சந்தனம் அரச மரமான கதை

தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்று, மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவனுக்கு மனு வராத காலை ஒரு தண்டனை. கை சும்மா இருக்க மறுத்தது. ஒரு நாவலை எடுத்து, கோப்பைச் சரிபார்ப்பதுபோல ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுத ஆரம்பித்தேன்.

வரப்போகும் கொடுங்காலம் ஒன்றைப் பற்றிய நாவல். அந்தத் தேசத்தில் நல்ல குரலோடு பிறக்கும் குழந்தை அரசுக்குச் சொந்தம். வளர்ப்பது பெற்றோர், குரல் கெட்டால் தண்டனையும் அவர்களுக்கே. அதனால் குரல் வெளியே தெரியாதபடி தொட்டிலிலேயே வாயைப் பொத்திப் பழக்குகிறார்கள். முழுக்கக் கற்பனை என்றது பின்னட்டை. நான் நிஜத்தில் நடந்தவற்றை, உப்புக் காய்ச்சி அடிவாங்கியவர்கள், நெருக்கடி நிலையில் தணிக்கைக்குப் போன பத்திரிகைகள் என்று ஓரத்தை நிரப்பினேன். குழந்தை விதிக்கு நேராக மட்டும் ‘மைசூர் சுல்தான், சந்தனம்’ என்று எழுதினேன்.

பக்கத்துக் காட்டில் மிளகு போடும் விவசாயி கதை கேட்க வருவார். அவரிடம் விளக்கினேன்.

“சந்தனத்தை அரச மரம்னு அறிவிச்சுட்டார் அந்த சுல்தான்.”

“அதெப்படீங்க சார்? அரச மரத்து எலைக்கு வால் இருக்கும். சந்தனத்துக்கு ஏதுங்க வாலு? சுல்தான் மரத்தையே பாத்ததில்லீங்களாட்டம்.”

“அரசனோட மரம்ங்க! யார் காட்டுல முளைச்சாலும் அவருக்குத்தான்.”

சிரிப்பை நிறுத்தினார். “இப்ப சுல்தான் இல்லீங்களே?”

“சட்டம் இருக்குங்களே.”

இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். “நாங்கெல்லாம் சந்தனம் மொளச்சதும் புடுங்கிப் போட்டுருவோமுங்க. ஒண்ணு மட்டும் பலா மறைவுல நின்னுருக்குது. இப்ப தொடை தண்டி ஆயிருச்சு. வெட்டுனா குத்தம். திருடன் வெட்டுனாலும் என்னயத்தான் புடிப்பாங்க. அந்தக் கதையில அப்பங்காரன் என்னங்க பண்றான்?”

“தானே போய்ச் சொல்லிடறான்.”

“அப்பறம்?”

“அதுக்குமேல இன்னும் படிக்கலீங்க.”

நடைமுறை எனக்கு அத்துப்படி. மரம் இருப்பதை வனத்துறைக்கு எழுதிக்கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றேன். எழுதிக்கொடுத்தார். ஆட்கள் வந்து, அடிமரத்தில் பெயின்டால் எண் போட்டுப் போனார்கள். எப்போது வெட்டுவார்கள் என்று சொல்லவில்லை. அதுவரை மரத்துக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் இவர். கட்டிலைத் தூக்கிக் காட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த மழைக்குள் ஆள் பாதியாகிவிட்டார். கண்ணெல்லாம் சிவப்பு. “ஏனுங்க சார், நானும் இப்பக் கவருமெண்டு வேலையிலதான் இருக்கறேன். சம்பளம் கேட்டு ஒரு மனு எழுதுங்க.”

கேலிதான். ஆனாலும் பேனாவை எடுத்தேன். பெறுநர் என்று எழுதியதோடு நின்றுவிட்டேன்; எந்த விதியின் கீழ் யாரிடம் கேட்பது?

“உடுங்க சார், நேரமாச்சு” என்று காவலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கமிருந்து லாரி ஏறும் சத்தம் கேட்டாலே, சந்தனத் திருடர்களோ என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அது மிளகு ஏற்ற வரும் லாரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் வண்டி அவர் காட்டைத் தாண்டிப் போகும்வரை என்னால் உட்கார முடிந்ததில்லை.