ஆளில்லாத இருக்கையின் பெல்ட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, இது நடந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மல்காஜ்கிரியில் வீடு, ஹைதராபாத்தில் ஓர் அரசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விமானப் பயணிகளின் இருக்கைகளைத் தண்டவாள வண்டியில் பூட்டி, வேகமாக ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்துவோம், விபத்தில் தாங்குமா என்று பார்க்க. ஆளுக்குப் பதில் ஆள் எடையில் பொம்மைகள். பெல்ட் பட்டையில், கொக்கியின் ஓரமாக, சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைப்போம். பட்டை நழுவினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று காலை மூன்று இருக்கை, இரண்டே பொம்மை. மூன்றாவதற்குக் கழுத்து உடைந்து பழுதுக்குப் போயிருந்தது. காலி இருக்கையின் பெல்ட்டை நானே பூட்டி, இருக்கையோடு ஒட்ட இறுக்கி, கை பழக்கத்தில் அதற்கும் ஒரு கோடு போட்டேன்.

வண்டி ஓடி நின்றது. பொம்மைகளின் கோடுகள் அசையவில்லை. காலி இருக்கையின் கோடு ஒரு முழம் விலகியிருந்தது!

"எவனோ கை வெச்சிருக்கான்," என்றார் அதிகாரி சாமுவேல் சார். கூடம் பூட்டியிருந்தது, சாவி அவர் பையில்தான் இருந்தது.

"ஃபெயில்னு எழுதுங்க சார்," என்றேன்.

"ஆளே இல்லாத சீட்டு ஃபெயிலா? என்னை எர்ரகட்டா பைத்தியக்கார ஆஸ்பத்திரில போட்ருவாங்கப்பா. நக்கோ, வேணாம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. இந்த மூன்று இருக்கைகளும் எந்தச் சரக்கிலிருந்து வந்தனவோ, அதில் மட்டும், சாப்பாட்டு அவசரத்தில், பத்துக்கு ஒன்றை இழுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் குத்தியிருந்தேன். மறுநாள் லாரி ஏறவேண்டிய சரக்கு. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையோ அதில் உட்காரும்.

சொல்லிவிட்டேன். சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "உன் கையாலேயே எழுதிக் குடு ஜெயராஜு," என்றார்.

எல்லாக் கொக்கிகளையும் மறுபடி இழுத்துப் பார்த்தோம். அதோடு சேர்த்து எட்டு நழுவின. சரக்கு திரும்பிப் போனது, என் பதவி உயர்வும் நின்றது. கொக்கியின் பல் சரியில்லை, அது புரிகிறது. ஆனால் எடை இல்லாமல் பட்டையை இழுத்தது யார்?

ஒன்றை மட்டும் சாரிடம்கூடச் சொல்லவில்லை. கொக்கியைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தேன். நழுவிய பட்டையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, அப்படியே பூட்டினேன். என் இடுப்புக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது, ஒரு விரல் நுழைய இடமில்லை. இன்றும் தையற்காரர் இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்தால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.