அய்யாவும் எங்கள் வம்சத்துக் குதிகாலும்

அய்யா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இன்றைய திதியில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார் அம்மா. எழுத உட்கார்ந்தால் அய்யாவின் குதிகாலில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

சாயல்குடிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அய்யா. சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, மிளகாய் போட்டுத் தங்கைகளைக் கரையேற்றினார். ஒல்லி உடம்பு, ஊருக்கே கேட்கும் கோபம். குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்துப் புடைத்திருந்த கட்டிதான் அவருடைய ஒரே பெருமை. பங்காளிகள் பலருக்கும் அது உண்டு. "வம்சக் கால்" என்பார். என் தம்பி காலில் அது தலைகாட்டியபோது தெருவுக்கே பாயசம் ஊற்றினார்.

ஒருநாள் மிளகாய்க் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்கா?"

படித்தவர் ஒருவர் கேட்டுவிட்டாரே என்று அய்யாவுக்கு வாயெல்லாம் பல். "இது இல்லாதவன நாங்க பங்காளின்னே சேக்கிறதில்ல தாயி. எங்க அய்யாவுக்கு இருந்துச்சு, பெரியய்யாவுக்கு, சித்தப்பாவுக்கு..."

"அவங்கல்லாம் இப்ப எப்படி இருக்காங்க?"

அய்யாவின் சிரிப்பு நின்றது. "அம்புட்டுப் பேரும் நெஞ்சுவலியில போயிட்டாக."

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரத்தம் மரபணுப் பரிசோதனைக்கு வெளியூர் போனது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் கொழுப்பு நோய், அந்தக் கொழுப்புதான் இதய ரத்தக் குழாயிலும் குதிகாலிலும் படிகிறது என்று முடிவு வந்தது. ரத்த உறவுகள் எல்லோரும் சோதித்து, நோய் இருப்பவர்கள் தினமும் மாத்திரை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. நான் சோதித்தேன். எனக்கும் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன்.

தம்பி பிடிகொடுக்கவில்லை. "எனக்குப் பொண்ணு பாக்குறிய. சீக்குக் குடும்பம்னு பேராச்சுன்னா எவன் குடுப்பான்?"

"குடுத்த பிள்ள உன்கூட எத்தன நாளைக்கு வாழும்?" என்றார் அய்யா.

பங்காளிகளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அய்யா மாசி மாதக் குலசாமி திருவிழாவான களரி வரை காத்திருந்தார். குலசாமி முன்னால் பங்காளிகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது, அய்யா கைத்தடியோடு பின்னால் நின்றார். கோயிலுக்கு வெளியே அவர் வரவழைத்த வேன் காத்திருந்தது.

"என்னண்ணே, விழுகாம நிக்கிறிய?" என்றார் பூசாரி.

"சாமிய நீ பாரு. நான் காலப் பாத்துக்கிறேன்."

வரிசையாகக் குதிகால்கள். தடித்த காலையெல்லாம் தடியால் தட்டினார். "ஏலே, எந்திரி. வேன்ல ஏறு!"

அய்யாவுக்குச் சாமி வந்துவிட்டது என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அய்யாவும் இல்லையென்று சொல்லவில்லை. பூசிய திருநீற்றோடு ராமநாதபுரம் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். தம்பி மட்டும் வேப்பமரத்தில் குதிகாலை அழுத்திக்கொண்டு, விழாமலே நின்று தப்பித்தான்.

இரண்டாம் முறை வந்த வலியில் அய்யா போய்விட்டார். முன்பே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்று டாக்டரம்மா சொன்னதை என்னால் மறக்கவே முடியவில்லை.

அய்யாவைக் கவனித்த டாக்டரம்மாவுக்கும், அன்று வாடகை வாங்காமல் வேன் ஓட்டியவருக்கும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாப்பிட்ட கையோடு யாரும் கிளம்பிவிட வேண்டாம். கொள்ளி வைத்த மகனான தம்பி அய்யாவின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாக வேண்டும். அய்யாவின் கைத்தடியோடு நான் பின்னால் நிற்பேன். வேன் வாசலில் நிற்கிறது.